தூள் மையும் நீர் மையும்

ராதாபுரம் தாலுகா அலுவலகத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் வருவார்கள். கடலோரத்து ஊரில் பஸ் ஏறி, நின்றுகொண்டே வந்து, இறங்கி நடந்து படியேறும்போது சட்டை நெஞ்சோடு ஒட்டியிருக்கும். பையில் இருக்கிற தாளும் சேர்ந்து நனையும். சித்திரை வைகாசியில் கேட்கவே வேண்டாம். அப்படித்தான் ஒரு நாள் இடிந்தகரையிலிருந்து வந்தவர், என் சித்தி மகனின் ஜெராக்ஸ் கடையில் மடித்த தாளைப் பிரித்து மேசையில் பரப்பினார். இரண்டு நாள் முன்னால் வேறெங்கோ எடுத்த ஆதார் பிரின்ட். மடிப்பு விழுந்த இடமெல்லாம் கறுப்பு கசிந்து நீலமும் ஊதாவுமாக ஓடியிருந்தது. மூலையிலிருந்த கியூஆர் கட்டம் ஒரே கறையாகிவிட்டது.

“எழுத்து கரைஞ்சிட்டு தம்பி. ஆபீஸ்ல இது ஆகாதுங்காவ. இன்னொண்ணு எடுத்துக் குடு.”

“லேசர்ல எடுத்துத் தாரேன் அண்ணாச்சி. இது தண்ணிக்குத் தாங்கும்” என்றான் தம்பி.

அந்தக் கடை மேசையில் இரண்டு இயந்திரங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்று கறுப்பு மட்டும் அடிக்கிற லேசர் பிரிண்டர். மற்றது இங்க் டேங்க்; நாலு நிற மையும் பக்கவாட்டுத் தொட்டியில் கண்ணுக்குத் தெரியும். சாயங்காலங்களில் கடைக் கணக்கைப் பார்த்துக் கொடுக்கிற சாக்கில் பல வருஷமாக இரண்டையும் கவனித்து வருகிறேன். வீட்டுக்கோ கடைக்கோ பிரிண்டர் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்டால் எல்லாரும் முதலில் விலையில்தான் தொடங்குகிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றைத்தான்: அச்சான தாள் உன் கையை விட்டு எங்கே போகும், எத்தனை வருஷம் இருக்க வேண்டும்? அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் எந்த இயந்திரம், எந்த மை என்பது பாதி முடிந்த மாதிரி.

இரண்டும் தாளில் கறுப்பைச் சேர்க்கும் விதமே வேறு. லேசரின் மூலம் ஜெராக்ஸ். 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க் நகரத்தின் அஸ்டோரியா பகுதியில் செஸ்டர் கார்ல்சன் என்பவர் கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைத் துணியால் தேய்த்து மின்னேற்றி, அன்றைய தேதியும் இடமும் எழுதிய கண்ணாடியை அதன்மேல் வைத்து வெளிச்சம் காட்டினார். பிறகு ஒரு பொடியைத் தூவி ஊதினார். எழுத்து இருந்த இடத்தில் மட்டும் பொடி ஒட்டி நின்றது. அந்தப் பொடியை மெழுகுத்தாளில் ஒற்றி எடுத்துச் சூடு காட்டிப் பதிய வைத்தார். வெளிச்சம், மின்னேற்றம், பொடி, சூடு: இன்றைக்கும் லேசர் பிரிண்டருக்குள் நடப்பது இந்த நாலும்தான். டோனர் என்பது புகைக்கரி கலந்த நுண்ணிய பிளாஸ்டிக் தூள். ஃபியூசர் என்னும் சூடான உருளை ஏறக்குறைய 200 டிகிரியில் அதை உருக்கித் தாளின் இழைமேல் ஒட்டுகிறது. தாள் வெளியே வரும்போது கைக்குச் சுடுவது அதனால்தான்.

இங்க்ஜெட் நீர் வழி. 1977இல் கேனான் நிறுவனத்தின் இச்சிரோ எண்டோ, சூடான பற்றவைப்புக் கோல் மை ஊசியின்மேல் தற்செயலாகப் பட்டதும் மை பீறிட்டதைக் கண்டார். சூடு கொடுத்தால் குமிழி வரும், குமிழி மையைத் தள்ளும். கேனானும் எச்பியும் இந்த வழியில் போயின. எப்சன் சூடேற்றாமல், மின்சாரம் பட்டால் வளைகிற சிறு படிகத்தால் மையை அழுத்தித் தெறிக்கவிடுகிறது. எந்த வழியானாலும் தாளில் விழுவது ஈரச் சொட்டு. அது தாளின் இழைக்குள் ஊறி, பிறகு காய வேண்டும்.

ஒன்று தாளின்மேல் ஒட்டுகிறது, மற்றது தாளுக்குள் ஊறுகிறது. இந்த ஒரு வித்தியாசத்திலிருந்துதான் மற்றதெல்லாம் கிளைக்கிறது.

பனை வளர்கிற இந்த மண்ணில் இதை விளக்குவது சுலபம். ஓலையில் எழுத்தாணியால் கீறினால் எழுத்து கண்ணுக்குத் தெரியாது. கீறலில் கரியைத் தேய்த்துத் துடைத்தால்தான் துலங்கும். கரி வெளிச்சத்துக்கு வெளிறாது; நீரில் கரையவும் கரையாது. டோனரின் கறுப்பும் அதே கரி இனம். தாளுக்கு நம் பக்கத்தில் காய்ச்சிய மை வேறு: கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்த நீர் மை. எழுதும்போது நன்றாக ஊறிப் பிடிக்கும். நாள்பட்டால் பழுப்பேறும், சில நேரம் தாளையே அரிக்கும். அன்றைக்குக் கணக்கெழுதியவர்களுக்கு எது எதற்கு என்று தெரிந்திருந்தது. இன்றைக்கு ‘மை’ என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் போட்டு அடைத்துவிட்டோம்.

இங்க் டேங்கில் ஊற்றும் மையிலேயே இரண்டு சாதி உண்டு. கடைக்காரர்கள் டை இங்க், பிக்மென்ட் இங்க் என்பார்கள். டை என்பது சாயம். சர்க்கரை தண்ணீரில் கரைவதுபோல நீரில் முழுக்கக் கரைந்திருக்கும். மறுபடி நீர் பட்டால் மறுபடி கரையும். பிக்மென்ட் என்பது கரையாத நிறத்துகள். நீரில் மிதந்து வந்து, நீர் காய்ந்ததும் தாளின் இழையில் தங்கிவிடும். இடிந்தகரை அண்ணாச்சியின் தாளில் ஓடியது சாயம். அதே இயந்திரத்தில் பிக்மென்ட் கறுப்பு இருந்திருந்தால் மடிப்பில் லேசாக மங்கியிருக்கும். கியூஆர் கட்டம் பிழைத்திருக்கும்.

வாங்குகிறவர்கள் இதைக் கேட்பதே இல்லை, விற்கிறவர்கள் சொல்வதும் இல்லை. அதனால் தெளிவாக எழுதுகிறேன். எப்சன் 003 என்ற எண்ணுள்ள பாட்டில்கள் கறுப்பு உட்பட நாலும் சாயம். கேனான் ஜி வரிசையின் ஜிஐ-790 பாட்டிலில் நிறங்கள் சாயம், கறுப்பு மட்டும் பிக்மென்ட். எச்பியின் ஜிடி வரிசையிலும் கறுப்பு பிக்மென்ட்தான். எப்சனிலேயே கறுப்பு மட்டும் அடிக்கும் எம் வரிசைக்கு உரிய 005 பாட்டில் பிக்மென்ட். ஆக ‘இங்க் டேங்க் நனைந்தால் போச்சு’ என்பது பாதி உண்மை. எந்த மை என்று பார்த்துச் சொல்ல வேண்டும். இயந்திரத்தின் நிறத்தையும் ஸ்கேனர் மூடியையும் தட்டிப் பார்க்கிற நேரத்தில் பாட்டிலின் ஒட்டுத்தாளை ஒரு முறை திருப்பிப் படித்தால் போதும்.

தமிழ் எழுத்துக்கு இதில் தனிக் கவலை உண்டு. நம் எழுத்து சுழி நிறைந்தது. ணகரத்துக்கும் னகரத்துக்கும் இடையே ஒரு சுழிதான் கூடுதல். மெல்லிய மலிவுத் தாளில் சாய மை விழுந்தால் இழை வழியே பூனை மயிர் மாதிரி சுற்றிலும் படரும். பத்துப் புள்ளி அளவில் அடித்த அடங்கலிலோ பத்திர நகலிலோ சுழிகள் அடைபட்டு, ‘ணு’வும் ‘னு’வும் ஒன்றாகத் தெரியும். தகப்பனார் பெயரில் ஓர் எழுத்து இடறினால் தாலுகா அலுவலகத்துக்கு இரண்டு நடை கூடுதல். டோனர் தாளின் மேலேயே நிற்பதால் விளிம்பு வெட்டினாற்போல இருக்கும், சுழி திறந்திருக்கும். பிக்மென்ட் கறுப்பு இரண்டுக்கும் நடுவில். பொடி எழுத்தில் தமிழ் அடிக்கிற வேலை மிகுதியாக உள்ளவர்கள் இதை ஒரு காரணமாகவே வைத்து லேசருக்குப் போகலாம் என்பது என் எண்ணம். சாய மைதான் கையில் இருக்கிறது என்றால் நல்ல கனமான தாளாவது வாங்க வேண்டும்.

இவ்வளவு சொன்னதும் நான் லேசர் கட்சி என்று தோன்றும். ராதாபுரத்தின் காற்றும் கரண்டும் இந்தக் கணக்கை எப்படி மாற்றுகின்றன என்று பார்க்க வேண்டும்.

ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று இங்கே காற்றாலைகளைச் சுற்ற வைக்கிறது. மேற்கே மழை கொட்டும்போது இந்தப் பக்கம் வறண்ட காற்றும் மண்ணும்தான். கடைக் கதவைத் திறந்து வைத்தால் மேசைமேல் செம்மண் படியும். லேசரின் டோனர் ஏற்கெனவே காய்ந்த தூள், அதை இந்தக் காற்று என்ன செய்துவிடும்? இரண்டு மாதம் மூடி வைத்து, திறந்த அன்றே முதல் தாள் கறுப்பாக வரும். இங்க் டேங்குக்கு அப்படி இல்லை. அதன் ஹெட்டில் தலைமயிரைவிட மெல்லிய துளைகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் நிற்கும் மை காய்ந்தால் அடைப்பு. எங்கள் கடையில் ஒரு கோடை விடுமுறையில் ஆறு வாரம் தொடாமல் விட்டோம். திறந்து பார்த்தால் மஞ்சளும் கறுப்பும் கோடு கோடாக வந்தன. ஹெட் கிளீனிங் மூன்று முறை கொடுத்தும் தீரவில்லை. பழுது பார்க்கக் கொடுத்த இடத்தில் ஹெட்டையே மாற்றச் சொன்னார்கள். புது இயந்திரத்தின் விலையில் பாதிக்கு மேல் போயிற்று.

அதற்குப் பிறகுதான் ஒரு விஷயம் புரிந்தது. இந்த இயந்திரங்கள் தம் பொத்தானால் அணைக்கப்படும்போது ஹெட்டை ஓரத்துக்குக் கொண்டுபோய் ரப்பர் மூடியில் உட்கார வைக்கும். கரண்ட் நின்றாலோ, சுவரில் இருக்கிற ஸ்விட்சைத் தட்டினாலோ ஹெட் நடுவழியில் திறந்தபடி நின்றுவிடும். கரண்ட் அடிக்கடி போய் வருகிற ஊரில் இது தினசரி ஆபத்து. கரண்ட் வந்ததும் ஒரு முறை இயக்கி, பொத்தானால் அணைத்துவிட்டுத்தான் கடையைப் பூட்ட வேண்டும். வாரத்துக்கு ஒரு தாளாவது நாலு நிறத்திலும் அடிக்க வேண்டும். ஹெட் கிளீனிங்கைக் கை நமைச்சலுக்கு அழுத்தக் கூடாது. ஒவ்வொரு முறையும் நல்ல மை உறிஞ்சப்பட்டு அடியிலிருக்கும் பஞ்சுக்குப் போகிறது. அந்தப் பஞ்சு நிறைந்தால் இயந்திரமே நின்றுவிடும்.

மின்சாரத்தில் முறை மாறுகிறது. இங்க் டேங்க் அச்சடிக்கும்போது பத்துப் பதினைந்து வாட்தான் இழுக்கும். வீட்டு இன்வெர்ட்டரில் கவலையில்லாமல் ஓடும். லேசர் ஃபியூசரைச் சூடேற்றும் கணத்தில் பல நூறு வாட் இழுக்கும். கம்ப்யூட்டருக்குப் போட்ட சிறிய யுபிஎஸ்ஸில் அதைச் செருகினால் யுபிஎஸ் கூவி அணையும், பேட்டரியும் கெடும். ஆன்லைன் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள், சாயங்காலம் கரண்ட் இல்லை, வாசலில் பிள்ளைகள் ஹால் டிக்கெட்டுக்கு நிற்கின்றன என்றால் அந்த நேரத்தில் கடையைக் காப்பாற்றுவது இங்க் டேங்க்தான். அதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். இரண்டு இயந்திரமும் கடைக்கு வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவே முதல் காரணம்.

காசுக் கணக்குக்கு வருவோம். எப்சன் 003 கறுப்புப் பாட்டில் 65 மில்லி. நிறுவனம் சொல்வது 4500 தாள். பாட்டிலுக்கு 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் தாளுக்கு 9 பைசா. மூன்று நிறப் பாட்டிலும் சேர்ந்து 7500 தாள் என்கிறார்கள். லேசரில், ஊர்தோறும் பார்க்கிற கேனான் எல்பிபி 2900க்கு உரிய 303, எச்பி 1020க்கு உரிய 12ஏ ஆகிய கார்ட்ரிட்ஜ்கள் இரண்டும் 2000 தாளுக்கு. அசல் கார்ட்ரிட்ஜ் 4000 ரூபாய் என்றால் தாளுக்கு 2 ரூபாய். இந்த விலைக்கு யாரும் ஜெராக்ஸ் கடை நடத்த முடியாது. அதனால்தான் டோனர் ரீஃபில் என்ற தொழிலே தெருத்தெருவாக முளைத்தது. 300 ரூபாய்க்குத் தூள் நிரப்பினால் தாளுக்கு 15 பைசா. அதோடு அவ்வப்போது டிரம்மும் பிளேடும் மாற்றும் செலவைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தத் தாள் கணக்கெல்லாம் ஒரு மாதிரித் தாளை வைத்துப் போட்டது. தாளின் பரப்பில் ஏறக்குறைய 5 சதவீதத்தில் மட்டும் மை படும், அவ்வளவு வெளுத்த தாள் அது. இடைவெளி விடாமல் அடித்த கிரயப் பத்திரம் அதைவிடக் கூடத் தின்னும். பள்ளிக்கூடத்துப் புராஜெக்டுக்கு ஒரு தாள் முழுக்கத் தாஜ்மகால் படம் என்றால், மாதிரித் தாளைப்போல் இருபது மடங்குக்கும் பக்கத்தில் போகும். புது இங்க் டேங்கில் முதலில் ஊற்றும் பாட்டிலின் ஒரு பகுதி குழாயை நிரப்பவே செலவாகும். இதையெல்லாம் கழித்துப் பார்த்தாலும் நிறத் தாளில் இங்க் டேங்குக்குப் பக்கத்தில் எதுவும் வராது. இந்தோனேசியாவில் கடைக்காரர்கள் கார்ட்ரிட்ஜ் விலை தாங்காமல் குழாய் போட்டு வெளித்தொட்டி வைத்துக்கொண்டதைப் பார்த்துத்தான் எப்சன் 2010இல் அங்கே முதல் இங்க் டேங்கைக் கொண்டுவந்தது. மறு வருஷம் இந்தியாவுக்கும் வந்தது. சாமானியர் தம் கைவேலையால் ஒரு பெரிய நிறுவனத்தின் வியாபாரத்தையே திருப்பிய கதை அது. எனக்கு அதில் மரியாதை உண்டு.

ரீஃபிலைப் பற்றி மனசில் கிடக்கிற ஒன்றையும் சொல்ல வேண்டும். கடை வாசலில் உட்கார்ந்து, முகமூடி இல்லாமல், கார்ட்ரிட்ஜைத் தட்டித் தட்டி வாயால் ஊதுகிற பையன்களைப் பார்த்திருக்கிறேன். டோனர் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுண்ணிய தூள். அது போகிற இடம் நுரையீரல். மூக்கைக் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். சிந்தினால் ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். கையைப் பச்சைத் தண்ணீரில் கழுவ வேண்டும். வெந்நீர் பட்டால் தூள் இளகித் தோலில் ஒட்டும். நீர் மையில் இந்தத் தொல்லை இல்லை. மலிவு கருதி லிட்டர் கணக்கில் வாங்கும் பெயரில்லா மையை மட்டும் ஊற்ற வேண்டாம். மிச்சம் பிடித்த நூறு ரூபாய் ஹெட்டில் போய் நிற்கும்.

படத்துக்கு வந்தால் கறுப்பு லேசருக்குப் பேச்சே இல்லை. மேலே பூச்சுள்ள போட்டோ பேப்பரை லேசரில் விடவே கூடாது. பூச்சு உருகி ஃபியூசரில் ஒட்டினால் செலவு ஆயிரக்கணக்கில். பாஸ்போர்ட் போட்டோ, பள்ளி ஆண்டு விழாப் படம், கல்யாண வீட்டுச் சின்ன ஆல்பம் எல்லாவற்றுக்கும் சாய மையே அழகு. பிக்மென்ட் தராத பளபளப்பை அது தரும். ஸ்டூடியோக்காரர்கள் வைத்திருக்கும் எப்சன் எல்805 மாதிரியான ஆறு நிற இயந்திரத்தில் வெளிர்நீலமும் வெளிர்சிவப்பும் தனி மையாக இருப்பதால் முகத்தில் புள்ளி தட்டாது.

ஆனாலும் ஒரு படத்துக்கு மட்டும் நான் இங்க்ஜெட்டை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆச்சி காலமானபோது அவளுடைய பழைய குரூப் போட்டோவிலிருந்து முகத்தை மட்டும் பெரிதாக்கி, இங்க் டேங்கில் போட்டோ பேப்பரில் அடித்து, சட்டம் போட்டு முன்வாசல் பட்டாசாலையில் மாட்டினோம். பதினாறாம் நாள் விசேஷத்தில் எல்லாரும் “அப்படியே உக்காந்திருக்க மாதிரி இருக்கு” என்றார்கள். கிழக்குப் பார்த்த வாசல். காலை வெயில் நேரே சுவரில் விழும். இரண்டு வருஷத்தில் ஆச்சியின் புடவைச் சிவப்பு சாம்பலாயிற்று, முகம் வெளிறிற்று. பக்கத்திலேயே தொங்குகிற தாத்தாவின் கறுப்பு வெள்ளைப் படம், ஆச்சிக்குக் கல்யாணமான புதிதில் எடுத்தது, அப்படியே இருக்கிறது. அது வெள்ளி உப்பில் கழுவிய படம். ஒவ்வொரு நாளும் விளக்கு வைக்கும்போது அம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்ப்பாள். கடைசியில் திருநெல்வேலியில் லேப் ஒன்றில் கொடுத்து, மை தெளிக்காமல் போட்டோ பேப்பரிலேயே வெளிச்சம் காட்டிக் கழுவி எடுத்து மாற்றினோம். சுவரில் மாட்ட வேண்டிய இறந்தவர் படத்துக்குச் சாய மை உதவாது. கண்ணாடியும் லேமினேஷனும் ஈரத்தைத் தடுக்கும், வெயிலைத் தடுக்காது. அப்படிக் கேட்டு வருகிறவர்களிடம் தம்பி இப்போது முன்கூட்டியே சொல்லிவிடுகிறான். வியாபாரம் போனாலும் பரவாயில்லை.

கேட்டு வருகிறவர்களுக்கு நான் சொல்கிற பதிலை இங்கே அப்படியே வைக்கிறேன். பத்திரம் எழுதுகிறவருக்கு லேசர், இதில் மறு பேச்சில்லை. கிரயப் பத்திரம் பேரன் காலம் வரை பீரோவில் கிடக்க வேண்டியது. முத்திரைத்தாள் சொரசொரப்பானது என்பதால் பிரிண்டர் அமைப்பில் கனத்த தாள் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். அப்போதுதான் ஃபியூசர் கூடுதல் சூடு கொடுக்கும். இல்லையென்றால் மடிப்பில் டோனர் பொரிந்து உதிரும். கடலில் போகிறவர்களின் படகுக் காகிதம், ஆதார், பாஸ்புக் நகல் எல்லாவற்றுக்கும் லேசர் அல்லது பிக்மென்ட் கறுப்பு. கூட்டப்புளி, பெருமணல், கூத்தங்குழி ஆட்கள் வந்தால் கேட்காமலே லேசரில் எடுத்துக் கொடுக்கலாம். பேச்சிப்பாறைத் தண்ணீர் ராதாபுரம் கால்வாயில் திறந்துவிட்டதும் பயிர்க்கடனுக்குப் பட்டாவும் அடங்கலும் எடுக்க வருகிறவர்களுக்கும் அதே. பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டில் பிக்மென்ட் கறுப்புள்ள இங்க் டேங்க். பிள்ளை வாரம் ஒரு படமாவது அடித்துக்கொண்டே இருக்கும், ஹெட் காயாது. ஓய்வு பெற்ற பெரியவர், மாதம் இரண்டு தாள் அடிப்பவர், சென்னையிலோ வளைகுடாவிலோ இருந்து வருஷத்தில் ஒரு மாதம் மட்டும் வந்து தங்குகிறவர் எல்லாரும் சின்ன லேசர் வாங்கட்டும். இவர்களுக்குத்தான் விலை குறைவு என்று சொல்லி இங்க் டேங்கை விற்கிறார்கள். அடுத்த வருகைக்குள் ஹெட் அடைத்துவிடும்.

கேள்வித்தாள் ஐந்நூறு பிரதி வேண்டும் என்கிற ஆசிரியருக்கு இரண்டும் வேண்டாம். ரிசோ மெஷின் உள்ள கடைக்குப் போகட்டும். கார்பன் வைத்து ஒரே அடியில் மூன்று பிரதி எடுக்கிற பில்லுக்கு இன்னும் டாட் மேட்ரிக்ஸுக்கு மாற்று இல்லை. அதன் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். ஏடிஎம் சீட்டும் பெட்ரோல் பங்க் பில்லும் வெப்பத்தால் கறுக்கும் தாள். வெயிலில் வெளுத்து மொட்டைத் தாளாகிவிடும். தேவையான சீட்டென்றால் அன்றைக்கே ஒரு ஜெராக்ஸ் எடுத்துவைத்துவிட வேண்டும்.

இவ்வளவு காலம் லேசரே நிலைக்கும் என்று நம்பியிருந்த எனக்கு ஒரு நாள் சரியான அடி விழுந்தது. அப்பா வைத்திருந்த பத்திர நகல்களைப் பங்கு பிரிக்கிற பேச்சுக்காக பீரோவிலிருந்து எடுத்தோம். எல்லாம் நல்ல லேசர் பிரின்ட். பத்து வருஷத்துக்கு முன்னால் பத்திரமாக இருக்கட்டும் என்று பளபளவென்ற பிளாஸ்டிக் ஃபைலில் ஒவ்வொன்றாகச் செருகி வைத்தது நானேதான். தாளை உருவினால் வரமாட்டேன் என்றது. பிசின் பிரிகிற மாதிரி ஒரு சத்தம். எழுத்தில் பாதி தாளில் இல்லை, பிளாஸ்டிக்கில் இருந்தது. சர்வே எண், எல்லை, அடி அளவு எல்லாம் இடம் வலம் மாறி, கண்ணாடியில் பார்க்கிறாற்போல அந்த உறையில் ஒட்டியிருந்தன. நல்ல வேளை, அசல் பத்திரங்கள் துணிப்பையில் தனியாக இருந்தன.

காரணத்தை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். வளைந்து கொடுக்கும் பிவிசி உறையை மென்மையாக்க அதில் ஒரு எண்ணெய்ப் பொருளைச் சேர்த்திருப்பார்கள். அது மெல்ல வெளியே கசிந்து, தானும் பிளாஸ்டிக்கான டோனரை இளக்கி ஒட்டவைத்துவிடும். நம் ஊர்ச் சூட்டில் தகர பீரோவுக்குள் இது இன்னும் விரைவாக நடக்கும். நீர் மைக்கு இந்த வியாதி இல்லை. அது தாளுக்குள் ஊறிக் கிடப்பதால் உறை எதையும் பிடுங்க முடியாது. தண்ணீருக்கு அஞ்ச வேண்டாம் என்று நான் புகழ்ந்துகொண்டிருந்த தூள் மைக்கு, தாளின்மேல் ஒட்டியிருப்பதே பலவீனமாகவும் ஆயிற்று. பிவிசி நாற்றம் அடிக்கிற உறைகளை எல்லாம் அன்றைக்கே எறிந்தேன். இப்போது ஒவ்வொரு லேசர் தாளுக்கும் இடையே ஒரு வெள்ளைத்தாள் வைத்து, அட்டை ஃபைலில் அடுக்கியிருக்கிறேன். உறைதான் வேண்டும் என்றால் பாலிப்ரோப்பிலீன் என்று போட்டது. அதில் அந்த எண்ணெய் கிடையாது.

போன மாதம் இடிந்தகரை அண்ணாச்சி மறுபடி வந்திருந்தார், இந்த முறை மகளின் சாதிச் சான்றிதழுக்கு. தம்பி லேசரில் இரண்டு பிரதி எடுத்து நீட்டினான். நான் உறையைப் பற்றி அவரிடம் விளக்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் மடியிலிருந்து எதையோ எடுத்து உதறினார். கழுவிக் காயவைத்த பால் கவர். பாலிதீன், டோனர் அதில் ஒட்டாது. தாளை மடிக்காமல் சுருட்டி அதற்குள் விட்டு, வாயை இரண்டு சுற்று முறுக்கி, சட்டைக்குள் செருகிக்கொண்டார்.

“கடலுக்குப் போகையில தீப்பெட்டிய இதுலதான் வைப்போம். ஒரு நாளும் நமுத்ததில்ல” என்றார்.